நடுவில் ஓர் இலை

எனக்குக் கல் என்றால் பைத்தியம் என்று சொன்னால் ஆட்கள் உடனே என் கழுத்தையும் காதையும் பார்க்கிறார்கள். நான் சொல்வது அந்தக் கல்லை இல்லை. வீதிக்குப் பறிக்கிற கல், கிணறு வெட்டும்போது வாரிக் கொட்டுகிற கல், கடற்கரையில் காலை இடறுகிற கல். எங்கள் வீட்டு யன்னல் கட்டுகளில் அதுதான் நிறைந்து கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் எடுத்தால் கையில் தட்டுவேன். பெரியவர்கள் எடுத்தால் முகத்தை நீட்டிவைத்துக்கொள்வேன். என் கணவர் எடுக்கவே மாட்டார். தூரத்தில் நின்று பகிடி பண்ணுவார்.

“கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம் எண்டு சொல்லுவாங்க. நம்மட வீட்டுக்கு எத்தின நாய் வந்தாலும் பயமில்ல புள்ள.”

அவர் இப்போது இல்லை. அந்தப் பகிடிக்கு நான் ஒழுங்காகச் சிரித்ததே கிடையாது. சிரித்திருக்கலாம்.

நான் மணப்பெண்களுக்கு மருதோன்றி போடுகிறவள். கரைத்தீவில் இருந்துகொண்டு புத்தளம், கற்பிட்டி, கனமூலை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போயிருக்கிறேன். இப்போதைய பெண்கள் போனில் அரபு நாட்டுப் படம், இந்தியாப் படம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் அதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என் பாட்டுக்குப் போடுவேன். முடிந்த பிறகு, “இது எந்தப் புத்தகத்துல உள்ளது ராத்தா?” என்று கேட்பார்கள். “கல்லுல உள்ளது” என்பேன். நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி பதிந்திருக்கும். கடல் எங்கேயோ கிடக்க, காட்டுக்குள் வெட்டியெடுத்த கல்லில் சிப்பி. ஒருமுறை வீதி போடுவதற்காக எங்கள் ஒழுங்கை முனையில் லொறியில் கொண்டுவந்து கல் பறித்தார்கள். மீன் வாங்கப் போன நான் மீன்காரரை நிற்கவைத்துவிட்டு அந்தக் குவியலுக்குள் இறங்கிவிட்டேன். ஒரு கல்லில் சிப்பியின் வரிகள் விசிறிபோல் விரிந்து, ஓரத்துக்கு வரவர நெருங்கிப் போயின. அடுத்த கலியாணத்தில் அந்த வரிகளைத்தான் பெண்ணின் விரல்களில் நகம் வரைக்கும் இழுத்தேன். இன்னொரு கல்லில் சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளைக் கோடுகள் சாய்ந்து இறங்கும். அதற்கு மழைக்கல் என்று பெயர் வைத்தேன். மணிக்கட்டைச் சுற்றி நான் போடுகிற சாய்கோடு அந்த மழைதான். கல்லைக் காய்ந்தபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாளித் தண்ணீருக்குள் போட்டு எடுக்கவேண்டும். ஈரத்தில்தான் கோடுகள் எல்லாம் எழும்பி வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதன்முதலில் நான் ஒரு கல்லை ஒழுங்காகப் பார்த்தபோது அது நனைந்திருந்தது. அந்தக் கல் என் யன்னலில் இல்லை. அது எங்கள் மூத்த மகளின் தலைமாட்டில் நட்ட கல்.

எங்கள் சொந்த ஊர் மன்னார்க் கரையில் இருந்தது. மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். கதிரைக் காலைப் பிடித்து எழும்பப் பார்ப்பாள், விழுவாள், விழுந்ததற்கு அழாமல் கதிரையை முறைப்பாள். அந்தக் கோபம் என்னுடையது என்று என் கணவர் சொல்வார். காய்ச்சல் வந்தது. பரிசாரியிடம் போனோம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிறகு போவதற்கு இடம் இருக்கவில்லை. காலையில் மவுத்தானாள். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னே அடக்கிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வாசலைத் தாண்டும் மட்டும்தான் எங்களுடையது. அதற்குப் பிறகு ஆண்கள் கொண்டுபோவார்கள், ஆண்கள் மண் போடுவார்கள், திரும்பிவந்து கால் கழுவுவார்கள். என் பிள்ளையை எந்த மரத்துக்குக் கீழே வைத்தார்கள், தலை எந்தப் பக்கம், பக்கத்தில் யார் என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டி இருந்தது. என் கணவருக்கு அதைச் சொல்லவும் வரவில்லை. “நல்ல இடம்தான் புள்ள” என்று மட்டும் சொன்னார்.

அடக்கிய அன்று அடையாளத்துக்கு ஒரு பலகைத் துண்டைத்தான் ஊன்றியிருந்தார்கள். பலகையைக் கறையான் தின்றுவிடும். கொஞ்ச நாள் போன பிறகு ஒரு பின்னேரம் அவர் கடற்கரையில் இருந்து ஒரு முருகைக்கல்லை, கடலுக்குள் பவளம் வளர்ந்து இறுகிய கல்லை, தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கப்ரின் தலைமாட்டில் மீசானாக நட. கிணற்றடியில் இறக்கி, இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். உப்பும் பாசியும் போனது. “பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். சாரி வாங்கிவந்தவர் கேட்பதுபோல் கேட்டார். எனக்கு அந்த நேரம் அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

ஆனாலும் பார்த்தேன். எங்கள் கடற்கரை ஆட்களுக்கு முருகைக்கல் புதினமான சாமான் இல்லை. அடுப்புக்கும் வைப்போம், வேலிக்கும் வைப்போம். அதில் பூப்பூவாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதுவரைக்கும் எந்தப் பூவையும் தனியாகப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் வட்டமாக ஒரு வரம்பு, வரம்போடு வரம்பு ஒட்டி, ஓர் ஊசி குத்த இடமில்லாமல் நெருங்கிக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒரு குழி. கல் கடலுக்குள் உயிரோடு வளர்ந்த காலத்தில் ஒரு சிப்பி வந்து அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூக்கள் அதைச் சுற்றி வளைந்து, விலகி, அதற்கு இடம் விட்டு வளர்ந்திருக்கின்றன. பிறகு சிப்பி செத்து உதிர்ந்துவிட்டது. பூக்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை.

நான் அந்தக் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நுனி சரியாகப் பொருந்தியது.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் எனக்கு ஒன்றையேதான் சொன்னார்கள். வயது இருக்கிறது, இன்னொரு பிள்ளை வரும், இடம் நிரம்பிவிடும் என்று. நல்ல மனதோடு சொன்னார்கள். எனக்கு அவர்களின் வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது. அந்தக் கல் அப்படிச் சொல்லவில்லை. இடம் அப்படியே இருக்கட்டும், சுற்றி வளர்ந்துகொள்ளலாம் என்று சொன்னது. கல்லாவது கதைப்பதாவது என்று கேட்பீர்கள். பிள்ளை போன வீட்டில் எதுவும் கதைக்கும்.

இருட்டும் வரைக்கும் கிணற்றடியில் இருந்தேன். காலையில் அவர் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் கடப்படியில் நின்று பார்த்தேன். பள்ளிவாசலைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் கல்லின் பின்பக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கல்லை நான் காணவில்லை.

தொண்ணூறில் ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர்கள் முஸ்லிம்களான எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கொண்டுபோக விட்டதைக் கொண்டு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். இதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு வள்ளத்தில் ஞாபகம் இருப்பது ஒன்றுதான். மற்றவர்கள் வீட்டையும் மாட்டையும் தோணியையும் சொல்லி அழுதார்கள். நான் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதேன். பக்கத்தில் இருந்த ஒருவர் பதறிப்போய், பிள்ளை எங்கே, கரையிலா, வள்ளத்தைத் திருப்பவா என்று கேட்டார். என் கணவர்தான் இல்லை என்று தலையாட்டினார்.

அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோது பக்கத்துக் கொட்டிலில் ஒரு கலியாணம் வந்தது. பெண்ணின் காதில் இருந்ததும் வழியில் பறிபோயிருந்தது. யாரோ ஒரு வீட்டு வேலியில் மருதோன்றி இலை உருவிவந்து அம்மியில் அரைத்தார்கள். நான் தென்னோலை ஈர்க்கில் ஒன்றை எடுத்து, அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் போடத் தொடங்கினேன். என்ன போடப்போகிறேன் என்று யோசிக்கவே இல்லை. பூ, அதற்கு ஒரு வரம்பு, அதை ஒட்டி இன்னொரு பூ. உள்ளங்கைக் குழிக்கு வந்ததும் கை தானாக வளைந்து விலகிப்போனது. நடுவில் வெறும் தோல். சுற்றிவரப் பூ. கழுவிய பிறகு அந்தப் பெண் கையை விரித்து விரித்துப் பார்த்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, எழும்பி வெளியே போய்விட்டேன். சந்தோசமும் அதுதான், துக்கமும் அதுதான். என் மகள் பெரியவளாகி யாரோ ஒருத்தியின் கையில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அப்படித்தான் இது எனக்குத் தொழிலானது. அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் நடுக்குழியை வெறுமையாகத்தான் விட்டேன். பிறகு குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாண வீடு. வெங்காயத் தோட்டக்காரர்கள், நல்ல வசதி, நல்ல ஆட்கள். பெண்ணின் உம்மா மகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன மச்சி, நடுவுல வெறுமையாக் கிடக்கு? கலியாணப் பொண்ணுட கையில வெறுமை இருக்கப்படா. ஒரு எல போட்டு நிரப்புங்க.”

“அது அப்பிடித்தான் வரும்” என்றேன்.

“வாறதெல்லாம் வரட்டும். நீங்க எலயப் போடுங்க.”

போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன், ஆனால் இலை அழகாக விழுந்துவிட்டது. காம்பு கொஞ்சம் வளைந்து, நுனி நடுவிரலைப் பார்த்து. அந்தக் கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அடுத்த கலியாணத்துக்கு இலை வைத்த பூதான் வேண்டும் என்றார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஒவ்வொரு கலியாணமாக அந்த இலை என் கைக்குள் ஊர்ந்து வந்துவிட்டது. ஈர்க்கில் போய், பிதுக்கிப் போடுகிற கோன் வந்த காலத்தில் இலை இல்லாமல் நான் பூப் போட்டதே இல்லை. இதற்கிடையில் எங்களுக்கு இன்னொரு மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கலியாணமும் முடித்துவிட்டாள். அவள் கையிலும் இலையோடுதான் போட்டேன்.

சண்டை முடிந்தது. கொஞ்ச காலத்தில் மன்னாருக்குப் போகிற இலவங்குளம் பாதை திறந்தது. எங்கள் ஊர் ஆண்கள் ஒரு வேன் பிடித்து, ஒருநாள் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவெடுத்தார்கள். முன்னால் போனவர்கள் வந்து சொன்ன கதை நல்லதாக இல்லை. வீடு, கிணறு, பள்ளி எல்லாவற்றையும் காடு மூடிவிட்டது, யாருடைய வளவு எது என்றே தெரியவில்லை என்றார்கள்.

எனக்கு வளவு வேண்டாம். எனக்கு அந்தக் கல் அங்கே நிற்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். அவரிடம் அதைச் சொன்னேன். மகளின் கப்ரைக் கண்டுபிடித்து, கல்லைப் பார்த்து, யாசீன் ஓதிவிட்டு வாருங்கள் என்று.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, “மரமெல்லாம் புதுசா முளைச்சிருக்குமே புள்ள. இடத்த வச்சுக் கண்டுபிடிக்கேலாது” என்றார்.

“கல்ல வச்சுக் கண்டுபிடிங்க.”

“கல்லு கல்லுதானே. எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்கதானே தூக்கிக்கொண்டு வந்தீங்க!”

“தூக்கினனான். பாத்த நீதானே.”

உண்மைதான். அவர் தூக்கினார், நான் பார்த்தேன். அவர் இடத்தைப் பார்த்தார், எனக்கு இடம் தெரியாது. ஒரு பிள்ளையின் கப்ரைப் பாதி பாதியாக இருவரும் வைத்துக்கொண்டிருந்தோம்.

“கொண்டாங்க கைய” என்றேன்.

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஆம்பிளை கையில் மருதோன்றி போடுவது ஹறாம், தாடிக்குப் போடலாம் கையில் போடக்கூடாது, வேனில் வருகிறவர்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டே கொன்றுவிடுவார்கள், கடுதாசியில் கீறித் தா என்றார். கடுதாசியில் எனக்குக் கை வராது. எனக்கு உள்ளங்கையின் குழிவு வேண்டும். “அழகுக்கா போடுறன்? அடையாளத்துக்குப் போடுறன். அல்லாவுக்கு வித்தியாசம் தெரியும்” என்றேன். கடைசியில் இடது கையை நீட்டினார். வலது கையால் செடி பிடுங்கலாம், இடது கையை விரித்து வைத்துப் பார்க்கலாம்.

உப்பளத்தில் வேலை செய்து காய்த்துப்போன கை. கோன் வழுக்கி வழுக்கிப் போனது. அவர் கையில் அதற்கு முன்னால் நான் எதுவும் போட்டதில்லை. பூப் பூவாக, வரம்பு வரம்பாக, அவசரப்படாமல் போட்டு முடித்தேன். பிளாஸ்டிக் சொப்பின் பையால் கட்டி, அப்படியே படுக்கச் சொன்னேன். விடிய எழும்பிக் கழுவினால் ரத்தச் சிவப்பாகப் பிடித்திருந்தது. மாமியாருக்குப் பிடித்த மருமகனுக்குத்தான் நன்றாகச் சிவக்கும் என்று சொன்னேன். கையைச் சேட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வேனில் ஏறினார்.

அன்றைக்கு எனக்குக் கனமூலையில் ஒரு மணப்பெண் இருந்தாள். மனம் முழுக்க வேனோடு போய்க்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பூ, வரம்பு, பூ. உள்ளங்கைக் குழிக்கு வந்தேன். இலையைப் போட்டேன். காம்பை வளைத்தேன். அந்த இடத்தில் கோன் நின்றுவிட்டது.

அவர் கையிலும் நான் இலையைப் போட்டிருந்தேன்.

கல்லில் ஏது இலை? கல்லில் இருந்தது குழி. நான் குழியை மூடி, அதன் மேல் குறிஞ்சிப்பிட்டி இலையை வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர் என் மகளின் தலைமாட்டில் போய் நின்று, கையைப் பார்த்து, கல்லைப் பார்த்து, இது இல்லை என்று தாண்டிப் போவார். போனை எடுத்து அடித்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று பாஷையிலும் சொன்னாள். திரும்பத் திரும்ப அடித்தேன். அவள் அலுக்காமல் சொன்னாள். “என்ன ராத்தா, பிழைச்சுப்போச்சா?” என்று மணப்பெண் பயந்துபோய்க் கேட்டாள். “உங்கட கையில பிழையில்ல மகள்” என்றேன். மிச்சத்தை எப்படி முடித்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியாது.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. அவர் இறங்கி நடந்துவந்தார். சேட்டில் முள் கிழித்த கிழிசல், கால் முழுக்கச் செம்மண். குழாயடியில் நின்று கால் கழுவினார். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இலையைச் சொல்லிவிடவேண்டும், அடுத்த வேனில் திரும்பப் போகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“கண்டன் புள்ள” என்றார்.

நான் எட்டிக் குழாயைப் பூட்டினேன்.

“ஒரு பாலை மரத்துக்குக் கீழ. கொஞ்சம் சாஞ்சு கிடந்திச்சு, நிமித்தி வச்சன். கொண்டுபோன தண்ணியால கழுவினன். பூவெல்லாம் அப்பிடியே கிடக்கு, ஒண்டும் அழியல்ல.”

“நடுவுல?” என்று கேட்டேன்.

அவர் இடது கையை விரித்து லைட்டுக்குக் காட்டினார். உள்ளங்கையில் முள் கீறல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. “நடுவுல இந்த எலயும் இருந்திச்சு” என்றார். “அச்சு அசலா, நீ போட்ட மாதிரியே.”

அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல வராது. மீன் விலையைக்கூடக் குறைத்துச் சொல்லத் தெரியாமல் என்னிடம் பேச்சு வாங்குகிறவர். அந்த ஒரு பொய்யை வேனில் இருந்து வீடு வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. என் மகளின் கல் கிடைக்கவில்லை. அது அங்கே நிற்கிறதா என்று எனக்கு இனித் தெரியவே போவதில்லை. ஆனாலும் அந்தக் கீறல் விழுந்த கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். “யாசீன் ஓதினீங்களா?”

“ஓதினன்” என்றார். அது உண்மை. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். துவாயைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பிளேன்டி ஊற்றினேன். கேத்தல் மூடியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன்.

அவரோடு வேனில் போன ஒருவர் பிறகொரு நாள் வீட்டுக்கு வந்தபோது கதையோடு கதையாகச் சொன்னார். எல்லோரும் வளவு தேடித் திரிய, அவர் மட்டும் மையவாடியை விட்டு அசையவில்லையாம். கையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தாராம். வேனின் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டும் வரவில்லையாம், இரண்டு பேர் போய்க் கூட்டிவரவேண்டி இருந்ததாம். என் கணவர் அப்போது முற்றத்தில் கதிரையில் இருந்தார். அந்த ஆள் அதைச் சொல்லும்போது இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய்ப் பாண் வெட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகச் சந்தர்ப்பம் வந்தது. காடு வெட்டி, பாதை போட்டு, சிலர் வீடு கட்டிக் குடியேறினார்கள். பெண்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மையவாடி வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். இளைய மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். நான் போகவில்லை. போனால் பார்ப்பேன். நடுவில் குழி உள்ள கல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அவர் என்னிடம் சொன்ன பொய் உடைந்துவிடும். மூத்தவளுக்கு நான் வேண்டியதில்லை, அவளைப் படைத்தவன் பார்த்துக்கொள்வான். அவருக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்த மருதோன்றி கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி மஞ்சளாகி மறையும் வரைக்கும், சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் ஒருமுறை அந்தக் கையைப் பார்த்துக்கொள்வேன்.

அவர் மவுத்தானது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு வெளிக்கிட்டுச் சேட்டுத் தெறி பூட்டிக்கொண்டு நின்றபோது. இங்கேதான் அடக்கினார்கள். நான் வாசல் வரைக்கும்தான். கணவர் மவுத்தானால் அந்நிய ஆண் கண்ணில் படாமல் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாக் காலம் எனக்குத் தொடங்கியது.

எங்கள் பக்கம் மீசானுக்கு இப்போது முருகைக்கல் இல்லை. கடலில் கல் எடுக்கத் தடை. சீமெந்தில் வார்ப்பார்கள். மருமகன் ஒரு மேசனைக் கூட்டிவந்தார். முற்றத்தில் பலகை அடித்து, சீமெந்து குழைத்து ஊற்றினார்கள். நான் அறைக்குள் இருந்து கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. வெறும் சாம்பல் பலகைகள், கோடும் இல்லை பூவும் இல்லை. ழுஹர் பாங்கு சொன்னது. இருவரும் பள்ளிக்குப் போனார்கள்.

நான் வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது, விரல் வைத்தால் பதிகிற பதம். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கில் உருவிக்கொண்டு, தலைமாட்டுக் கல்லின் பக்கத்தில் குந்தினேன். மேல்பாதியைத் தொடவில்லை. கீழ்ப்பாதி மண்ணுக்குள் போவது, யாரும் காணப்போவதில்லை, கப்ருக் கல்லில் பூப் போடக்கூடாது என்று யாரும் எனக்கு ஹதீஸ் சொல்லவும் தேவையில்லை. அதில் போடத் தொடங்கினேன். பூ, வரம்பு, பூ. நடுவுக்கு வந்ததும் கை நின்றது.

மகளுடைய கல் என்றால் இடம் விட்டிருப்பேன். இது அவருடைய கல். அவர் கண்டதாகச் சொன்ன கல்லில் இலை இருந்தது. நான் இலையைப் போட்டேன். காம்பைக் கொஞ்சம் வளைத்தேன்.

அவர்கள் திரும்பிவருகிற சத்தம் கேட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மேசன் கரண்டியை எடுப்பது கேட்டது. மேற்பரப்பைத் தேய்த்து மட்டம் செய்யப்போகிறார். யன்னலுக்குப் பின்னால் நின்று மருமகனைக் கூப்பிட்டேன்.

“மகன், அடிப்பக்கத்தத் தேய்க்க வேணாமெண்டு அவருக்குச் சொல்லுங்க.”

மருமகன் குனிந்து பார்த்தார் போல. “மண்ணுக்குள்ள போறதுதானே மாமி” என்றார்.

“ஓம்” என்றேன். “மண்ணுக்குள்ள போறதுதான்.”